இருநூற்றுப் பன்னிரண்டு பிரதிகள்

காரைக்காலில் பெயருக்குப் பின்னால் பிஎச்.டி. என்று மாட்டிக்கொண்டு திரிகிறவர்களில் பாதிப்பேர் மதியழகனின் விரல் வழியாக வந்தவர்கள். நானும்தான். பாரதியார் வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் 'மதி டைப்பிங் சென்டர்' என்று பெயர்ப்பலகை தொங்கும். உள்ளே இரண்டு கணினி, ஒரு பிரிண்டர், ஒரு பைண்டிங் மிஷின், ஒரு இரும்பு பீரோ. மதியழகன் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். இறாலின் குடலைப் பற்றியும் கூட்டுறவு வங்கிகளின் வீழ்ச்சியைப் பற்றியும் ஆயிரக்கணக்கான பக்கங்கள் அடித்திருக்கிறார். ஒரு பக்கமும் புரிந்ததில்லை என்று அவரே சொல்வார். ஆனால் ஒரு அட்டவணை இரண்டு பக்கத்தில் உடைந்து நின்றால் அவருக்குச் சோறு இறங்காது.

என் பெயர் செம்பியன். ஒரு தனியார் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். மதியழகன் செய்தது இன்னது என்று ஊரில் ஆளுக்கொன்று பேசுகிறார்கள். பேசுகிற வாய்கள் எல்லாம் அவர் கடைப் படியேறிய வாய்கள். அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த இரும்பு பீரோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதியழகனின் அப்பா கோர்ட்டுக்கு எதிரே மேசை போட்டு, பிரெஞ்சு குடியுரிமை வேண்டியவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தவர். அந்த மேசைக்கு லெயோன் என்று ஒருவர் வருவார். அவருடைய அப்பா, பிரெஞ்சு ஆட்சி சட்டப்படி முடிந்த அறுபத்திரண்டில், குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளக் கொடுத்த ஆறு மாதக் கெடுவுக்குள், பிரான்சுதான் வேண்டும் என்று கையெழுத்துப் போட்டவர். அந்தத் தாளின் பிரதியைப் பத்திரமாக வைத்திருந்த மூத்த மகன் பாரிசில் பென்ஷன் வாங்குகிறார். இளையவர் லெயோன் வீட்டிலிருந்த பிரதி ஒரு ஐப்பசி மழையில் கூழாகிப் போனது. எத்தா சிவில் என்கிற பிரெஞ்சுக்காரர்களின் பிறப்பு இறப்புப் பதிவேட்டில் பிறப்பு இருந்தது, தேர்ந்துகொண்டதற்கான தாள் இல்லை. சாகும்வரை அவர் அந்த மேசைக்கு நடந்தார். சிறு வயதில் மதியழகன் இதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்.

அதனால் எந்த வேலை வந்தாலும் ஒரு பிரதி எடுத்துப் பீரோவில் வைப்பார். வாடிக்கையாளர் கேட்காவிட்டாலும் வைப்பார். எங்களைப் போன்றவர்கள் கிண்டல் செய்வோம். "சார், காயிதம் தொலஞ்சா ஆளே தொலஞ்ச மாரி. எங்கப்பா மேசைல அதத்தான் பாத்தேன்" என்பார். மூன்று பேருக்கு வெள்ளத்தில் போன ஆய்வேட்டை அந்தப் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்ததும் உண்மை.

சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் உலகத்துக்குப் புதிதாக ஒரு பயம் வந்தது. ஆய்வேட்டையும் கட்டுரையையும் ஒப்புமை பார்க்கும் மென்பொருளில் போட வேண்டும். ஏற்கெனவே வந்த எழுத்தோடு பத்து சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் திருட்டு என்று திருப்பி அனுப்புவார்கள். சர்க்கரை பார்க்கிற மாதிரி எல்லாரும் சதவீதம் பார்க்க ஆரம்பித்தார்கள். திருடாமல் எழுதினால் போதும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வாக்கியத்தைத் திருப்பிப் போட்டு, வார்த்தையை மாற்றி, எண்ணை இறக்குவது எப்படி என்றுதான் தோன்றியது. உப்புத் தண்ணீர் என்பதை 'சோடியம் சார்ந்த ஈரம்' என்று மாற்றி எழுதி, ஏழு சதவீதம் வந்துவிட்டது என்று சாக்லேட் கொடுத்த ஒரு பேராசிரியரை எனக்குத் தெரியும்.

அந்த மென்பொருள் கல்லூரிகளுக்குத்தான் கிடைக்கும், கடைகளுக்குக் கிடைக்காது. மதியழகனுக்குக் கிடைத்தது மாப்பிள்ளையால். தங்கை அமுதத்தின் கணவர் சிவக்குமார், வேறொரு கல்லூரியில் நூலக உதவியாளர். பதினோரு வருடமாக ஒப்பந்த வேலை. கல்லூரியின் மென்பொருள் கணக்கு அவர் பெயரில் இருந்தது. மச்சான் கேட்டாரே என்று கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டார். தப்பு என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தும் என் மாணவர்களை அங்கேதான் அனுப்பினேன்.

கோப்பை ஏற்றும்போது அந்த மென்பொருள் ஒரு கேள்வி கேட்கும். இதைக் களஞ்சியத்தில் சேமித்து வைக்கவா, வேண்டாமா? சேமிக்கச் சொன்னால், அது உலகத்தில் உள்ள மற்ற ஆவணங்களோடு சேர்ந்து நிரந்தரமாக உட்கார்ந்துகொள்ளும். பிறகு யார் எதை ஏற்றினாலும் அதோடும் ஒப்பிட்டுப் பார்க்கும். வரைவு பார்க்கிறவர்கள் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். மதியழகனுக்கு அந்தக் கேள்வியில் சேமிக்கவா என்பது மட்டும்தான் புரிந்தது. பத்திரமாக வைக்கவா என்று ஒரு இயந்திரம் கேட்டால், வேண்டாம் என்று சொல்கிற ஆளா அவர்? ஒவ்வொரு தடவையும் ஆமாம் என்று டிக் அடித்தார். எழுதியவர் பெயர் என்ற கட்டத்தில், பில் புத்தகத்தில் போடுகிற பழக்கத்தில், 'மதி டைப்பிங் சென்டர்' என்று அடித்தார்.

அல்லி விழிதியூர்ப் பெண், என்னிடம் இளங்கலை படித்தவள். கடைமடை வயல்களில் நிலத்தடி நீர் உப்பாவதைப் பற்றி ஐந்து வருடம் ஆராய்ந்தவள். நாற்பத்திரண்டு போர்வெல்களில் மாதா மாதம் தண்ணீர் பிடித்து, மொபெட்டின் முன்னால் கூடை கட்டி எடுத்துவந்து அளப்பாள். வெயிலில் அவள் கறுத்துப்போனதைச் சொல்லி அவள் அம்மா மாப்பிள்ளை கிடைக்காது என்று அழுவாராம். கிணறு எண் ஒன்று அவள் அப்பா மருதையனுடையது. அந்தத் தண்ணீர் கெட்டு, இரண்டு போகமாக நாற்று கருகியதில்தான் அவளுக்கு இந்தக் கேள்வியே பிறந்தது.

அவள் கட்டுரையை நான் படித்திருக்கிறேன். ஒரு வரி இரவல் கிடையாது. ஒரு வெளிநாட்டு மண்ணியல் ஆய்விதழுக்கு அனுப்பு என்று நான்தான் சொன்னேன். அனுப்புவதற்கு முன் மதியிடம் ஒரு தடவை சதவீதம் பார்த்துவிடு என்றும் நான்தான் சொன்னேன். இந்த இரண்டாவது வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் என் நாக்கைக் கடித்துத் துப்பலாம் போலிருக்கிறது.

நான்கு சதவீதம் வந்தது. "சார், இருவது வருஷத்துல இவ்வளவு சுத்தமான சரக்கு நான் பாத்ததில்ல" என்றார் மதியழகன். வழக்கம்போல டிக் அடித்துப் பத்திரப்படுத்தினார். பீரோவுக்கும் ஒரு பிரதி போனது.

ஏழு வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை, அல்லி கடைக்குள் வந்து நின்றாள். அப்போது நானும் அங்கே இருந்தேன். கையில் செல்போன். எங்களிடம் நீட்டினாள். நான்தான் படித்துச் சொன்னேன். ஆய்விதழின் ஆசிரியர் எழுதியிருந்தார். கட்டுரையில் தொண்ணூற்றேழு சதவீதம், காரைக்காலில் உள்ள ஒரு கல்லூரியின் கணக்கில் 'மதி டைப்பிங் சென்டர்' என்பவரால் ஏற்கெனவே ஏற்றப்பட்ட ஆவணத்தோடு ஒத்துப்போகிறது. அது உங்கள் பல்கலைக்கழகமும் அல்ல, உங்கள் பெயரும் அல்ல. இந்தக் கட்டுரை விலைக்கு வாங்கப்பட்டதா? பதினான்கு நாட்களுக்குள் விளக்கம் தேவை. இல்லையென்றால் உங்கள் பல்கலைக்கழகத்துக்கு எழுதுவோம்.

கட்டுரை எழுதி விற்கிற கடைகள் உலகம் முழுக்க இருக்கின்றன. ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது. அவர் கண்ணுக்கு எங்கள் மதி அப்படி ஒரு வியாபாரி, அல்லி அப்படி ஒரு வாடிக்கைக்காரி.

"அண்ணே, எங்கட்டுரய யாருக்குண்ணே குடுத்தீங்க?" என்று கேட்டாள் அல்லி.

"யாருக்கும் குடுக்கலம்மா. சாமி சத்தியமா குடுக்கல. பத்தரமா வச்சேன், அவ்வளவுதான்."

அவர் அந்த டிக்கை எங்களுக்குக் காட்டினார். ஒரே பார்வையில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவளுடைய கட்டுரையை அவளுடைய கட்டுரையே காட்டிக்கொடுத்திருக்கிறது. நான் விளக்க விளக்க மதியழகனின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அன்றே அல்லி விளக்கம் எழுதி அனுப்பினாள். சதவீதம் பார்க்கக் கொடுத்த கடையில் தெரியாமல் சேமித்துவிட்டார்கள் என்று நடந்ததை நடந்தபடி எழுதினாள். மூன்றாம் நாள் பதில் வந்தது. மரியாதையான பதில்தான். ஒரு கடை எப்படிக் கல்லூரிக் கணக்கைப் பயன்படுத்தியது? அந்தக் கணக்குக்கு உரியவர் கையெழுத்திட்டு, நடந்ததை உறுதிசெய்தால் ஏற்கிறோம். கெடு மாறாது.

கணக்குக்கு உரியவர் சிவக்குமார். அவரை நிரந்தரமாக்குகிற கோப்பு அப்போதுதான் பதினோரு வருடம் கழித்து மேசை மேசையாக நகர ஆரம்பித்திருந்தது. கடவுச்சொல்லைக் கடைக்குக் கொடுத்தேன் என்று எழுதினால் கோப்பும் போகும், வேலையும் போகும்.

மதியழகன் என்னையும் அழைத்துக்கொண்டு கோவில்பத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனார். அமுதம் வாசலிலேயே சிரித்தபடி, "வாங்கண்ணே, உள்ள வாங்க. சாரு, நீங்களும் வாங்க. டீ போடுறேன்" என்றார். டீ வருவதற்குள் சிவக்குமாருக்கு விஷயம் முழுதும் தெரிந்துவிட்டது.

"மச்சான், நீங்க கேட்டீங்கன்னுதான் குடுத்தேன். வெளில தெரியக்கூடாதுன்னு ஒரே ஒரு வார்த்ததான சொன்னேன்?" என்றார். குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தப்பு எம்மேல மாப்ள. நான் இல்லங்கல."

"ஒங்க மேலதான். ஆனா போறது என் வேலதான?"

அமுதம் டீத் தட்டோடு நடையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, யாரோ ஒரு பொண்ணுக்காவ எங்கள தெருவுல நிறுத்தப் போறியா?" என்றார். 'நீங்க' போய், 'நீ' வந்துவிட்டது. நாங்கள் டீயைக் குடிக்காமல் எழுந்தோம்.

அதற்குப் பிறகு போன நாட்களைப் பற்றி எழுதவே கை வரவில்லை. அல்லியின் வழிகாட்டிப் பேராசிரியர், இது தீரும்வரை என் அறைக்கு வராதே என்று சொல்லிவிட்டார். மேடைக்கு மேடை ஆராய்ச்சி நேர்மை என்று முழங்குகிறவர். நேர்மையானவள் ஒருத்தி எதிரில் வந்து நின்றபோது கதவைச் சாத்திக்கொண்டார். பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் போனால் பதிவே ரத்தாகும், ஐந்து வருடமும் மண். அல்லி ஒரு நாள் தன் களக் குறிப்பேடுகள் பதினெட்டையும் கொண்டுவந்து மதியழகனின் மேசையில் கொட்டினாள். சேறு ஒட்டிய அட்டைகள், தண்ணீர் பட்டுக் கலைந்த எண்கள். "இதயும் பத்தரமா வச்சிக்கிங்கண்ணே. எனக்கு இனிமே எதுக்கு?" என்றாள். அழாமல் சொன்னதுதான் பயமாக இருந்தது. அன்றிலிருந்து அவள் போனை எடுக்கவில்லை.

மறுநாள் மருதையன் வந்தார். வயலிலிருந்து நேரே வந்தவர், காலில் சேறு காய்ந்திருந்தது. கடைக்குள் வரவில்லை, சந்திலேயே நின்றார்.

"எம்பொண்ணு என்னத்த திருடிருச்சுன்னு சொல்றாங்க? எங்க போர்த்தண்ணியப் பத்தித்தான அது எழுதுச்சு? என் தண்ணி உப்பாப் போனது யாரு வூட்டுக் கதைங்க? அதையும் எவனாச்சும் சொந்தம்னு சொல்றானா?"

மதியழகன் வெளியே போய் அவர் கையைப் பிடித்தார். "நான்தாங்க திருடுனது. உங்க பொண்ணு இல்ல" என்றார். மருதையனுக்குப் புரியவில்லை. மதியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு போய்விட்டார். "சாப்புடாமக் கெடக்குது" என்று மட்டும் போகும்போது சொன்னார்.

பதினோராம் நாள் மதியழகன் ஆய்விதழுக்கு ஒரு கடிதம் அடித்தார். நான் எழுதித் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றார். "இத்தன வருஷமா அடுத்தவன் எழுதுனதயே அடிச்சிட்டேன் சார். இதயாச்சும் நானா அடிக்கிறேன்." தமிழில் அடித்தார். நான் ஆங்கிலத்துக்கு மாற்றுவதாகப் பேச்சு. ஒன்றரைப் பக்கம். என் கடை எதையும் எழுதி விற்பதில்லை, இந்தப் பெண் எழுதியதை நான் சேமித்தேன், சேமித்தால் நல்லது என்று நினைத்தேன் என்று இருந்தது. கூடவே சதவீதம் பார்த்த அன்றைக்கு எடுத்த அறிக்கையின் பிரதியை இணைக்க வேண்டும். பீரோவில் இருந்தது. அதன் முதல் பக்கத்தில், முதல் வரியில், கணக்குக்கு உரியவர்: சிவக்குமார்.

அந்தத் தாளை மேசைமேல் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். பெயரை மையால் அழித்துவிடலாமா என்று ஒரு தடவை கேட்டார். அழித்தால் அவர்கள் நம்ப மாட்டார்கள் என்றேன். அனுப்பினால் தங்கை வீட்டில் அடுப்பு எரியாது, அனுப்பாவிட்டால் அல்லி என்ன செய்துகொள்வாளோ தெரியாது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அனுப்புங்க மதி. அடுத்தவன் பொண்ணப் பலி குடுக்க நமக்கு உரிம இல்ல" என்று கத்தினேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க அனுப்புன பொண்ணுதான் சார் அது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

பதின்மூன்றாம் நாள் பகல் பதினொரு மணிக்கு சிவக்குமார் கடைக்கு வந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து மேசையில் போட்டார்.

"அந்தப் பொண்ணோடத மட்டும் யாருக்கும் தெரியாம அழிச்சிரலாமான்னு பாக்கப் போனேன் மச்சான். உள்ள போயிப் பாத்தா, எத்தன கெடக்கு தெரியுமா? இருநூத்திப் பன்னெண்டு. எல்லாம் நீங்க டிக் அடிச்சது. எல்லாம் ஒங்க கட பேர்ல, என் கணக்குல."

நான் அந்தப் பட்டியலைப் புரட்டினேன். தெரிந்த தலைப்புகள், அதில் பதினான்கு என் மாணவர்களுடையவை. ஏற்கெனவே அவர்களில் இரண்டு பேருடைய கட்டுரைகள் காரணம் சொல்லாமல் திரும்பியிருந்தன. அவர்கள் வாயே திறக்கவில்லை. அங்கங்கே கொஞ்சம் சுட்டிருந்தார்கள் போலிருக்கிறது, மாட்டிக்கொண்டோம் என்று பேசாமல் இருந்துவிட்டார்கள். ஒரு வரியும் சுடாத அல்லிக்குத்தான் சத்தம் போடத் தைரியம் இருந்தது.

"ஒண்ணுன்னா மறைக்கலாம். இருநூத்திப் பன்னெண்டு பேரு இருக்காங்க. நாளைக்கி எவன் எவனுக்கு இந்தக் கடுதாசி வரும்னு தெரியாது. எல்லாத்தயும் அழிக்கணும்னா பிரின்சிபால் கையெழுத்து வேணும். காலைல எழுதிக் குடுத்துட்டேன்" என்றார் சிவக்குமார்.

"என்னன்னு மாப்ள எழுதுனீங்க?"

"நடந்ததத்தான்."

ஆய்விதழுக்கான உறுதிமொழியிலும் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அல்லியின் பெயரைக்கூட அவர் சரியாகத் தெரிந்துவைத்திருக்கவில்லை, அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார். மதியழகன் தாளைக் கணினியில் ஏற்றி, அந்த இடத்தில் அவள் பெயரை அடித்துச் சேர்த்தார். நான் எல்லாவற்றையும் அனுப்பினேன். கெடு முடிய இன்னும் ஒரு நாள் இருந்தது.

நான்கு நாளில் பதில் வந்தது. மூன்றே வரி. விளக்கம் ஏற்கப்பட்டது, கட்டுரையைப் பரிசீலனைக்கு அனுப்புகிறோம், ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். நான் விழிதியூருக்கு வண்டியில் போய் நேரில் சொன்னேன். அல்லி தாழ்வாரத்தில் சுருண்டு படுத்திருந்தாள். எழுந்து உட்கார்ந்து, மூன்று வரியையும் இரண்டு தடவை படித்துவிட்டு, சோறு இருக்கா என்று அம்மாவிடம் கேட்டாள்.

அதே வாரம் சிவக்குமாரை வேலையிலிருந்து நீக்கினார்கள். கல்லூரி நேர்மையைக் காப்பாற்றிக்கொண்டது. அவரிடம் சொல்லிச் சதவீதம் பார்த்துக்கொண்ட அந்தக் கல்லூரிப் பேராசிரியர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இப்போது அவர் காதர் பாட்சா பாயின் ஸ்டேஷனரி கடையில் நிற்கிறார். மதியழகன் ஆய்வு வேலை எதையும் தொடுவதில்லை. கல்யாணப் பத்திரிகை, வாடகை ஒப்பந்தம், அவ்வளவுதான். சதவீதம் பார்த்த நாட்களின் பிரதிகளை எல்லாம் பீரோவிலிருந்து அவரவரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டார்.

எட்டு மாதம் கழித்து அல்லியின் கட்டுரை ஏற்கப்பட்டது. கடைசித் திருத்தங்களோடு அவள் அந்தக் கடைக்கேதான் வந்தாள். வேறு எங்கேயும் போக மாட்டேன் என்றாளாம். இந்த ஒன்றை மட்டும் மதியழகன் அடித்துக் கொடுத்தார். முடிவில் நன்றியுரை. நூற்றுக்கணக்கான நன்றியுரைகள் அடித்தவர் அவர், ஒன்றிலும் தன் வீட்டு ஆளின் பெயர் வந்ததில்லை. இதில் நாற்பத்திரண்டு கிணற்றுக்காரர்களுக்கு அடுத்து, நூலக உதவியாளர் திரு. சிவக்குமார் அவர்களுக்கு என்று இருந்தது. விரல் நின்றுவிட்டது.

"முன்னாள்னு சேக்கணுமாம்மா?"

"வேணாண்ணே. கையெழுத்துப் போடயில அவரு அங்கதான வேல பாத்தாரு."

இரண்டு பிரதி எடுத்தார். ஒன்றை அல்லியிடம் கொடுத்தார். இன்னொன்றைப் பீரோவில் வைக்காமல், உறையில் போட்டுக்கொண்டு கோவில்பத்துக்குப் போனார். எட்டு மாதத்தில் அந்த வீட்டுக்கு அதுதான் முதல் தடவை. அமுதம் கதவைத் திறந்தார். அண்ணன் நீட்டிய உறையை வாங்கிப் பிரித்து, கணவர் பெயர் இருந்த வரியை நின்றபடியே படித்தார். தாளை மறுபடி உறைக்குள் வைத்து, உள்ளே கொண்டுபோய் மர அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினார். மதியழகன் வாசலில் நின்று அதைப் பார்த்தார். வாங்கண்ணே என்று அமுதம் கூப்பிடவில்லை.